கூனும் பக்கவளைவும்: வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பை இணைப்பு அறுவையின்றிச் சீர்செய்யும் முயற்சிகளின் வரலாறு – பொருநைச் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பு வளைவை முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும் அறுவை மருத்துவம் இல்லாமல் சீர்செய்ய முடியுமா என்னும் வினா மருத்துவ வரலாற்றில் பழமையானது. ஏணி, இரும்புக் கச்சை, மாவுக்கட்டு, உடற்பயிற்சி, நெகிழித் தாங்குகச்சை எனப் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. இவற்றுள் எது பயன் தந்தது, எது வெறும் பழக்கமாக நீடித்தது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளாலேயே தெளிவுபெற்றது. அச்சோதனைகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று சென்னையில் நடைபெற்றது. இக்கட்டுரை அவ்வரலாற்றைத் தொகுத்துரைப்பதோடு, ‘கூன்’ என்னும் தமிழ்ச் சொல்லின் பொருட்பரப்பையும், திருநெல்வேலி வட்டாரத்தின் மருத்துவ நிறுவனங்களின் நிலையையும் இணைத்து நோக்குகிறது. பிள்ளையின் வளர்ச்சியே நோயை முற்றச் செய்வதாகவும் நோயைத் தீர்ப்பதாகவும் அமைகிறது. இரண்டில் எது நிகழும் என்பதைக் கண்டறியும் காலமே பெரிதும் முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கூன், முதுகெலும்புப் பக்கவளைவு, ஸ்கோலியோசிஸ், மாவுக்கட்டு, தாங்குகச்சை, சென்னை ஆய்வு, மின் மேத்தா, பொருநை, மருத்துவ வரலாறு.

1. முன்னுரை

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, மருத்துவ மரபுகள் பலவற்றின் உறைவிடமாகப் போற்றப்படும் ஆறு. அகத்தியரோடு இணைத்துப் பேசப்படும் சித்த மருத்துவமும், தென்பாண்டி நாட்டிலும் தென் திருவிதாங்கூரிலும் ஆசான் வழியாகக் கற்பிக்கப்பட்ட வர்ம மருத்துவமும், சமயப் பரப்பாளர்கள் பாளையங்கோட்டையில் தொடங்கிய பார்வையற்றோர், காதுகேளாதோர் பள்ளிகளும், விடுதலைக்குப் பின் எழுந்த அரசு மருத்துவக் கல்லூரிகளும் இச்சமவெளியில் அடுத்தடுத்து இடம்பெற்றன. இவ்வட்டார வரலாற்றில் அம்மை, வாந்திபேதி, பஞ்சம் ஆகியன குறித்த பதிவுகள் உண்டு. ஆயின், உயிரைப் பறிக்காமல் உடலை மெல்ல வளைக்கும் நோய்கள் வரலாற்றாசிரியர் கண்ணில் அரிதாகவே படுகின்றன. முதுகெலும்புப் பக்கவளைவு அத்தகையது.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவளைவில் முதுகெலும்பு இடமாகவோ வலமாகவோ வளைவதோடு தன் அச்சிலும் முறுகிக்கொள்கிறது. ஊடுகதிர்ப் படத்தில் அளக்கப்படும் வளைவுக் கோணம் 10 பாகைக்கு மேற்பட்டால் அது இப்பெயர் பெறும். இக்கோணத்தை அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் வகுத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பதின்பருவப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் அல்லது மூவருக்கு இவ்வளைவு காணப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோருக்கு மருத்துவமே தேவைப்படுவதில்லை. சிலருக்கு மட்டும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, உயரம் கூடும் ஆண்டுகளில் வளைவும் விரைந்து கூடுகிறது. அச்சிலருக்காகவே இவ்வரலாறு முழுவதும் நிகழ்ந்துள்ளது.

2. ‘கூன்’ என்னும் சொல்

தமிழில் முதுகு வளைவைக் குறிக்கும் பழஞ்சொல் ‘கூன்’. புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட்பிறப்பின் குறைபாடுகளாக எண்ணும் எட்டனுள் கூனும் ஒன்று. கலித்தொகை மருதக்கலியின் 94-ஆம் பாடல் கூனுடைய பெண் ஒருத்திக்கும் குறள் வடிவுடைய ஆண் ஒருவனுக்கும் நிகழும் உரையாடலாக அமைந்தது. எள்ளலில் தொடங்கி இணைவில் முடிகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலையை விலை கூறி நிற்பவள் ஒரு கூனி. பாண்டிமாதேவியின் பரிவாரத்தில் கூனரும் குறளரும் இடம்பெறுகின்றனர். கம்பனின் மந்தரை ‘கூனி’ என்ற பெயராலேயே அறியப்படுகிறாள்.

இச்சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கின் இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, இவ்விலக்கியங்களில் வரும் கூனர் அனைவரும் வளர்ந்து முடிந்தவர்கள். கூன் இங்கு முடிந்த நிலையாக, ஒருவரின் அடையாளமாகப் பேசப்படுகிறது. ஒரு குழந்தையின் உடலில் அது எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பது பேசுபொருள் ஆகவில்லை. இரண்டாவது, ‘கூன்’ என்பது முதுகு பின்புறமாகப் புடைத்து முன்புறமாகக் குனிந்த நிலையையே முதன்மையாகச் சுட்டுகிறது. பக்கவாட்டில் வளைந்து, ஒரு தோள் உயர்ந்து மறு தோள் தாழ்ந்து நிற்கும் நிலைக்கு மக்கள் வழக்கில் நிலைபெற்ற தனிச்சொல் இல்லை. ‘பக்கவளைவு’ என்பது அண்மைக்கால மருத்துவத் தமிழின் ஆக்கம். கிரேக்க மரபில் காலன் இவ்விரு நிலைகளையும் கைபோசிஸ், ஸ்கோலியோசிஸ் என்று வேறுபடுத்திப் பெயரிட்டுவிட்டார். தனிப்பெயரில்லாத குறை, ‘நடை சரியில்லை’, ‘பை தூக்கித் தோள் சாய்ந்துவிட்டது’ என்னும் பொதுப்பேச்சில் எளிதில் கரைந்துவிடுகிறது.

இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய மற்றொரு மரபும் கருதத்தக்கது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நெல்வேலிப் போரில் வென்றவராகப் போற்றும் நின்றசீர் நெடுமாறரைப் பிற்கால மரபு கூன்பாண்டியன் என்று அழைக்கிறது. அந்த நெல்வேலி இன்றைய திருநெல்வேலிதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஞானசம்பந்தரின் பதிகத்தால் மன்னனின் கூன் நிமிர்ந்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். வரலாற்று நோக்கில் இதனை நோய்க்குறிப்பாகக் கொள்ள இயலாது. எனினும், வளைந்த முதுகு நிமிர்தல் தெய்வ அருளாலன்றி ஆகாது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகிறது.

3. ஏணியிலிருந்து மாவுக்கட்டு வரை

கிரேக்க மருத்துவ மரபில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள், நோயாளியை ஏணியில் கட்டி உலுக்கி முதுகை நிமிர்த்தும் முறையை விவரிக்கின்றன. கூட்டத்தை வியக்கவைப்பதற்காகவே பலர் இதனைச் செய்கின்றனர் என்ற கண்டனமும் அங்கேயே இடம்பெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே துளையிட்ட இரும்புத் தகடுகளாலான கச்சையைப் பயன்படுத்தினார். பிள்ளை வளர்வதற்கேற்ப அக்கச்சையை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று அவர் அறிவுறுத்தியது குறிப்பிடத்தக்கது. வளரும் உடலுக்கும் வளர்ந்த உடலுக்கும் மருத்துவம் ஒன்றாகாது என்ற தெளிவு அதில் உள்ளது.

1741-இல் நிக்கோலா ஆந்திரே என்னும் பிரெஞ்சு மருத்துவர் தம் நூலுக்கு இட்ட பெயரே ஆர்த்தோபீடிக்ஸ் என்னும் துறைப்பெயராயிற்று. ‘நேரான’, ‘குழந்தை’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் அதனை உருவாக்கினார். வளைந்த இளமரத்தை நேரான முளையோடு கயிற்றால் பிணைத்திருக்கும் அந்நூலின் படம் இன்றும் அத்துறையின் சின்னமாக உள்ளது. வாழைக்கு முட்டுக் கொடுத்தும், வெற்றிலைக் கொடியை அகத்தியில் படரவிட்டும் பழகிய பொருநைக்கரை உழவருக்கு அப்படத்தை விளக்க வேண்டியதில்லை. கட்டு மரத்தை நிமிர்த்துவதில்லை. கட்டின் துணையோடு மரம் வளர்ந்து நிமிர்கிறது.

1870-களில் நியூயார்க்கின் லூயிஸ் சேயர், நோயாளியைத் தலையிலும் அக்குளிலும் தாங்கி உயர்த்தி, உடல் நீண்ட நிலையில் மாவுக்கட்டுப் போடும் முறையைப் பரப்பினார். முதலில் முதுகெலும்புக் காசநோய்க்கும் பின்னர்ப் பக்கவளைவுக்கும் அது பயன்பட்டது. இந்நிலையில் நோய்கள் வேறாயினும் மருத்துவம் ஒன்றே என்ற எண்ணம் நிலவியது. காசநோயால் முள்ளெலும்பு அரித்துச் சரிந்த குழந்தைக்கும், எலும்பில் எந்நோயும் இல்லாமல் முதுகு வளைந்த குழந்தைக்கும் அதே மாவுக்கட்டு இடப்பட்டது. இவ்விரண்டும் வேறு என்பது சோதனைகளின் வழியே பின்னர்த்தான் தெளிந்தது.

4. இணைப்பு அறுவையும் அதன் விலையும்

1911-இல் நியூயார்க்கின் ரஸ்ஸல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பி ஆகிய இருவரும் தனித்தனியே முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையை வெளியிட்டனர். இருவரும் அதனைக் கையாண்டது முதுகெலும்புக் காசநோய்க்காக. சில ஆண்டுகளிலேயே ஹிப்ஸ் அதனைப் பக்கவளைவுக்கும் விரிவாக்கினார். 1962-இல் ஹூஸ்டனின் பால் ஹாரிங்டன், முதுகில் பொருத்தும் உலோகத் தண்டைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். இளம்பிள்ளை வாதத்தால் தசைகள் தளர்ந்து முதுகு வளைந்த பிள்ளைகளே அவரை அம்முயற்சிக்கு உந்தினர். அதன்பின் இணைப்பு அறுவை கடும் வளைவுகளுக்கான நம்பகமான தீர்வாயிற்று. வளர்ச்சி முடியும் தறுவாயில் உள்ள பதின்பருவத்தினரின் கடும் வளைவுக்கு இன்றும் அதுவே உரிய மருத்துவம் என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை.

சிறு குழந்தைகளிடத்தில்தான் சிக்கல் எழுகிறது. இணைக்கப்பட்ட முதுகெலும்பு அப்பகுதியில் மேற்கொண்டு வளராது. மார்புக்கூடு குறுகினால் நுரையீரலும் விரிய இடமின்றிக் குன்றும். மேலும், முதுகின் பின்புறத்தை மட்டும் இணைத்தால், இணைக்கப்படாத முன்புறம் தொடர்ந்து வளர்வதால் முதுகெலும்பு மீண்டும் முறுகும். இந்நிகழ்வைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் துபூசே 1989-இல் விளக்கினார். ஐந்து வயதில் செய்யப்படும் இணைப்பு அறுவை வளைவை நிறுத்துவதாகத் தோன்றினாலும், அக்குழந்தையின் மூச்சையும் உயரத்தையும் விலையாகக் கேட்கிறது. இணைப்பில்லாத வழிகளைத் தேட வேண்டியதன் காரணம் இதுவே.

5. சென்னை ஆய்வு: அறுவை தேவையா என்னும் வினாவுக்குத் தமிழ்நாட்டின் விடை

முதுகெலும்பு உருக்குலைவுக்கு அறுவை தேவையா என்பதை முறையான சோதனையால் ஆராய்ந்த இடங்களுள் சென்னை முக்கியமானது. ஆராயப்பட்டது பக்கவளைவு அன்று. காசநோயால் ஏற்படும் கூன். ஆயினும் வளரும் குழந்தையின் முதுகெலும்பைப் பற்றி அது கற்பித்த பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. நுரையீரல் காசநோயாளிகளுக்குச் சானடோரியத்தில் தங்கிப் பெறும் மருத்துவமும் வீட்டிலிருந்தே பெறும் மருத்துவமும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருகின்றன என்பதை அம்மையம் 1959-இல் வெளியிட்டது. நல்ல உணவும் ஓய்வும் தூய காற்றும் இன்றி நோய் தீராது என்ற நம்பிக்கை அதனால் அசைந்தது. ஏழைகள் வேலையையும் வீட்டையும் விட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

அதன்பின் பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முயற்சியில் முதுகெலும்புக் காசநோய் குறித்த சோதனைகள் கொரியாவின் மாசான், பூசான் நகரங்களிலும், ரொடீசியாவின் புலவாயோவிலும், ஹாங்காங்கிலும் நடைபெற்றன. மாசானில் மருத்துவமனைப் படுக்கை ஓய்வும், பூசானில் மாவுக்கட்டும் சோதிக்கப்பட்டன. மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டால் படுக்கையோ மாவுக்கட்டோ கூடுதல் பயன் தரவில்லை என்பது முடிவு. சேயர் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டாகப் போடப்பட்ட மாவுக்கட்டு இந்நோயைப் பொறுத்தவரை பழக்கத்தால் மட்டுமே நீடித்திருந்தது.

1970-களின் நடுவில் சென்னையில் தொடங்கிய ஆய்வு அடுத்த வினாவை எழுப்பியது. ஒரு பிரிவினர்க்கு முன்புறம் வழியாக நோயுற்ற எலும்பை அகற்றி எலும்பு ஒட்டு வைக்கும் முழு அறுவையோடு ஆறு மாத மருந்து. மற்றொரு பிரிவினர்க்கு நடமாடும் நிலையிலேயே ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்பது மாத மருந்து. ஐசோநயசிட், ரிபாம்பிசின் ஆகியவையே மூன்று பிரிவிலும் கொடுக்கப்பட்ட மருந்துகள். பத்தாண்டுக்குப் பின் நிலைமையை மதிப்பிட்ட அறிக்கை 1999-இல் வெளியாயிற்று. அறுவைப் பிரிவில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்துப் பிரிவில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாதப் பிரிவில் 99 விழுக்காட்டினரும் நலமான நிலையில் இருந்தனர்.

இந்த எண்கள் அறுவையின்றி நலம்பெற முடியும் என்பதை மெய்ப்பித்தன. ஆனால் அவ்வறிக்கை ஒரு விலக்கையும் வெளிப்படையாகக் குறித்தது. 15 வயதுக்குட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் கோணம் 30 பாகையைக் கடந்திருந்த பிள்ளைகளுக்கு மருந்தால் நோய் தீர்ந்தும் கூன் கூடிக்கொண்டே சென்றது. நோய் போயிற்று, வளர்ச்சி போகவில்லை. அரித்துப்போன முன்புறம் வளராமலும் நலமான பின்புறம் வளர்ந்தும் முதுகு மேலும் சரிந்தது.

இவ்விலக்கைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். இராஜசேகரன். நடமாடும் நிலையில் மருந்து பெற்ற 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2001-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிவு எதிர்பாராதது. நோய் ஆறிய பின் வளரும் ஆண்டுகளில் 39 விழுக்காட்டுப் புண்களில் கூன் கூடியது. 44 விழுக்காட்டில் கூன் தானாகவே குறைந்தது. 17 விழுக்காட்டில் மாற்றமில்லை. அதே வளர்ச்சி ஒருவரை வளைத்தது, மற்றொருவரை நிமிர்த்தியது. எவருக்கு எது நேரும் என்பதைத் தொடக்க கால ஊடுகதிர்ப் படத்திலேயே முன்னறிவிக்கும் நான்கு அறிகுறிகளையும் அவர் வகுத்தார். அறுவை எல்லார்க்கும் வேண்டியதில்லை. வேண்டியவர் யார் என்பதைக் காலத்தில் அறிய வேண்டும் என்பதே இப்பணியின் சாரம்.

6. வளர்ச்சியே மருந்து: மின் மேத்தாவின் பணி

காசநோய்க் கூன் குறித்துத் தமிழ்நாட்டில் எழுந்த இதே கருத்து, பக்கவளைவு குறித்து இலண்டனில் இந்தியப் பின்புலம் கொண்ட ஒரு பெண் மருத்துவரால் எழுந்தது. மின் மேத்தா பிரித்தானியாவின் இராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையில் பணியாற்றியவர். பிறந்து சில மாதங்களிலேயே தோன்றும் பக்கவளைவு சில குழந்தைகளில் தானே மறைகிறது. சிலரில் கொடிதாக முற்றுகிறது. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய, விலா எலும்புக்கும் முள்ளெலும்புக்கும் இடையிலான கோணத்தை அளக்கும் முறையை அவர் 1972-இல் வெளியிட்டார்.

பின்னர், பிரெஞ்சு மருத்துவர்கள் கோத்ரெல், மொரெல் ஆகியோரின் முறையைத் தழுவி, மயக்கநிலையில் குழந்தையின் உடலை நீட்டி, முறுக்கை அவிழ்த்து, அந்நிலையில் மாவுக்கட்டுப் போட்டார். குழந்தை வளர வளரக் கட்டு மாற்றப்பட்டது. 136 குழந்தைகளைக் குறித்த அவரது கட்டுரை 2005-இல் வெளியாயிற்று. வளர்ச்சியையே திருத்தும் விசையாகக் கொள்ளும் கருத்து அதன் தலைப்பிலேயே இடம்பெற்றது. சராசரியாக ஒரு வயது ஏழு மாதத்தில் அனுப்பப்பட்ட 94 குழந்தைகளின் முதுகு ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் நேராகியது. சராசரியாக இரண்டரை வயதில், வளைவு முற்றிய நிலையில் வந்த 42 குழந்தைகளுக்கு வளைவைக் குறைக்க முடிந்ததேயன்றி நீக்க முடியவில்லை. அவர்களுள் 15 பேர் பின்னர் இணைப்பு அறுவைக்கு உட்பட நேர்ந்தது.

இரு குழுவினர்க்கும் மருத்துவர் ஒருவரே, முறையும் ஒன்றே. வந்து சேர்ந்த வயதும் அதற்குள் முற்றிய வளைவுமே வேறு. இரு குழுவின் சராசரி வயதுக்கு இடையிலான தொலைவு ஓராண்டுகூட இல்லை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்னும் பழமொழியை முதுகெலும்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலேயே பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. பூசானில் பயனற்றதாகக் கண்டறியப்பட்ட அதே மாவுக்கட்டு, வேறொரு நோயில், வேறொரு வயதில், வேறொரு நோக்கில் பயன்தந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கருவியின் மதிப்பு கருவியில் மட்டும் இல்லை.

7. பதின்பருவம்: தாங்குகச்சையும் பயிற்சியும்

பதின்பருவப் பக்கவளைவுக்கு 1940-களின் நடுவில் வால்ட்டர் பிளவுண்டும் ஆல்பர்ட் சுமித்தும் உருவாக்கிய மில்வாக்கி தாங்குகச்சை, இடுப்பிலிருந்து கழுத்துவளையம் வரை நீளும் உலோகச் சட்டமாக இருந்தது. 1970-களில் ஆடைக்குள் மறையும் நெகிழியாலான பாஸ்டன் தாங்குகச்சை வந்தது. இவை பரவலாகப் பயன்பட்டும், உண்மையில் பயனுண்டா என்ற ஐயம் நீடித்தது. கச்சை அணியாவிட்டாலும் பலருக்கு வளைவு கூடுவதில்லை என்பதே ஐயத்தின் காரணம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சோதனையின் முடிவு 2013-இல் வெளியானபோது அவ்வையம் பெரிதும் தீர்ந்தது. வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி முடிவதே வெற்றி எனக் கொள்ளப்பட்டது. கச்சை அணிந்தோரில் 72 விழுக்காட்டினரும், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 48 விழுக்காட்டினரும் வெற்றி பெற்றனர். பயன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனை முன்னதாகவே நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தோரில் வெற்றி 90 விழுக்காட்டைக் கடந்தது. கண்காணிப்புப் பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் கச்சையின்றியே தப்பினர் என்பதை மறைக்கலாகாது. கச்சை எல்லார்க்கும் உரியதன்று. வளர்ச்சி எஞ்சியிருந்து, வளைவு நடுத்தர நிலையில் இருப்போர்க்கே உரியது.

உடற்பயிற்சியின் வரலாறு வேறு வழியில் சென்றது. தாமே பக்கவளைவு உடையவரான ஜெர்மானியப் பெண் கத்தரீனா ஷ்ரோத், ஆடியின் முன் நின்று மூச்சைக் குழிந்த பக்கத்துக்குச் செலுத்தும் பயிற்சியை வகுத்து 1921-இல் மைசன் நகரில் கற்பிக்கத் தொடங்கினார். நோயாளியே மருத்துவம் வகுத்த அரிய நிகழ்வு இது. கனடாவின் எட்மன்டனில் 50 பேரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான சோதனை, வழக்கமான மருத்துவத்தோடு இப்பயிற்சியும் சேர்ந்தால் சிறிதளவு கூடுதல் பயன் உண்டு எனக் காட்டியது. பயிற்சி கச்சைக்குத் துணை. மாற்று எனக் கொள்ள அச்சான்று போதாது.

இவற்றுக்கு அப்பால், இணைப்பில்லாத அறுவைகளும் தோன்றியுள்ளன. முதுகோடு சேர்ந்து நீட்டத்தக்க தண்டுகள் சிறு குழந்தைகளுக்குப் பயன்படுகின்றன. தோலுக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டத்தக்க தண்டுகளைக் குறித்து ஹாங்காங் மருத்துவர்கள் 2012-இல் எழுதினர். முள்ளெலும்புகளின் புடைத்த பக்கத்தை நெகிழும் நாணால் கட்டி, குழிந்த பக்கத்தை வளரவிடும் முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் ஒப்புதல் அளித்தது. ஆந்திரேயின் மரமும் கயிறும் மூன்று நூற்றாண்டுக்குப் பின் உடலுக்குள்ளேயே இடம்பெயர்ந்தன எனலாம்.

8. பொருநைச் சமவெளி: நிறுவனங்களும் இடைவெளியும்

திருநெல்வேலி வட்டாரத்தில் மருத்துவ நிறுவனங்களுக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இலும் தொடங்கப்பட்டன. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்றைய தென்காசி மாவட்டத்திலும் அடங்கும் ஆய்க்குடியில், பன்னாட்டு மாற்றுத்திறனாளர் ஆண்டான 1981-இல் அமர் சேவா சங்கம் தோன்றியது. அதனை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன் இளமையில் தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, ஊரகங்களிலேயே பயிற்சி அளிக்கும் முறையை அச்சங்கம் வளர்த்தது. இளம்பிள்ளை வாதம் நாட்டில் ஒழிந்ததாக 2014-இல் சான்றளிக்கப்பட்டது. அதனால் வரும் முதுகு வளைவு புதிய தலைமுறையில் இல்லாமற் போயிற்று.

எஞ்சி நிற்பது, காரணம் தெரியாமல் நலமான பிள்ளைகளிடம் தோன்றும் பக்கவளைவு. இது பெரும்பாலும் வலியற்றது. வர்ம ஆசானிடமும் எலும்புக்கட்டு வைத்தியரிடமும் மக்கள் செல்வது அடி, சுளுக்கு, வலி ஆகியவற்றுக்காக. வலியில்லாத வளைவு அவர்கள் வாசலுக்கு வருவதில்லை. மருத்துவக் கல்லூரி வாசலுக்கும் வருவதில்லை. தாவணி ஒருபுறம் இறங்குகிறது, சட்டையின் ஓரம் கோணுகிறது என்று வீட்டார் காணும்போது வளர்ச்சியின் பெரும்பகுதி கடந்திருக்கக்கூடும். பெண்பிள்ளை ஆயின், திருமணப் பேச்சுக்குத் தடையாகும் என்ற அச்சத்தால் கண்டதையும் வெளியில் சொல்லாமல் மறைக்கும் வழக்கம் சேர்ந்துகொள்கிறது. கச்சை அணியாமற் போவதற்கும் இதுவே காரணமாகலாம். மேலும், 13 மணி நேரம் என்னும் அளவு குளிர்நாட்டு மருத்துவமனைகளில் பெறப்பட்டது. சித்திரை வெயிலில் நெகிழிக் கச்சையை அவ்வளவு நேரம் அணிவது எளிதன்று.

பொது நலவாழ்வுத் திட்டத்தின் நிலையும் இவ்வாறே. 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்கிரம் என்னும் தேசியக் குழந்தை நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் 30 நிலைகளைத் தேடுகிறது. பிறவிக் கால் கோணல், இடுப்பு மூட்டுப் பிசகு, வைட்டமின் டி குறைபாட்டால் வரும் எலும்பு மென்மை ஆகியன அப்பட்டியலில் உள்ளன, பக்கவளைவு இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பல்லையும் கண்ணையும் செவியையும் பார்க்கிறது. குழந்தையைத் திரும்பி நின்று குனியச் சொல்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. இலண்டனின் வில்லியம் ஆடம்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கிய அச்சோதனையில், குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்து தெரிந்தால் ஐயத்துக்கு இடமுண்டு.

எதிர்வாதத்தையும் கருத வேண்டும். பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதால் தேவையற்ற ஊடுகதிர்ப் படங்களும் அச்சமும் பெருகும் எனக் கூறி அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2004-இல் அதனை வேண்டாம் என்றது. கச்சையின் பயன் மெய்ப்பிக்கப்பட்ட பின், 2018-இல் தன் நிலையைத் தளர்த்தி, சான்று போதவில்லை என்ற அளவில் நின்றது. குடும்ப மருத்துவர் ஆண்டுதோறும் குழந்தையைப் பார்க்கும் நாட்டுக்கு அம்முடிவு பொருந்தலாம். பள்ளிக்கு வரும் குழுவே பல பிள்ளைகளுக்கு ஒரே மருத்துவத் தொடர்பாக அமையும் வட்டாரத்தில் அதே முடிவை அப்படியே ஏற்பது ஆராயத்தக்கது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் கீழ்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, அறுவையின்றிச் சீர்செய்யும் முறைகள் பழமையால் மதிப்புப் பெறவில்லை, சோதனையால் பெற்றன. மாவுக்கட்டு ஒரு நோயில் தோற்றது, மற்றொன்றில் வென்றது. இரண்டாவதாக, அச்சோதனை வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. சென்னை ஆய்வும் அதன் தொடர்ச்சியும், அறுவை பொதுவாகத் தேவையில்லை என்பதையும், குழந்தைகளிடத்தில் அம்முடிவுக்கு விலக்குண்டு என்பதையும் ஒருங்கே நிறுவின. மூன்றாவதாக, மேத்தாவின் இரு குழுக்களும் காட்டுவது போல, இணைப்பு அறுவையைத் தவிர்க்கும் வாய்ப்பு காலத்தோடு குறைந்துகொண்டே செல்லும் ஒன்று. தாமதித்தபின் அறுவை வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது.

நான்காவதாக, ‘கூன்’ என்னும் சொல் முடிந்துபோன உடலைக் குறிக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் உடலுக்குரிய சொல் மக்களிடம் இன்னும் சென்றுசேரவில்லை. பக்கவளைவு என்னும் சொல்லைப் பள்ளி நலவாழ்வு ஏடுகளிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இடம்பெறச் செய்வது, தமிழாய்வாளர்களும் பங்கேற்கத்தக்க பணி.

இவ்வட்டாரத்தில் தாங்குகச்சை செய்தோர், மாவுக்கட்டுப் போட்ட ஊழியர், எலும்புக்கட்டு வைத்தியர், கச்சையோடு பள்ளிசென்று இன்று நடுவயதை எட்டியோர் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகள் தொகுக்கப்பட வேண்டும். ஏட்டுச்சான்று குறைந்த துறையில் அவர்களே ஆவணங்கள். அத்தொகுப்பு, இலக்கியத்தில் அடையாளமாக மட்டும் நின்ற கூனர்க்கு வரலாற்றில் குரல் தருவதாக அமையும்.